அடைத்த வழியும் மணியத்தின் இளநீரும்

முதலில் ஒரு சின்னத் தகராறு. இதை எழுத உட்கார்ந்தபோது என் மகள் கலா பின்னால் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, மூத்திரம்னெல்லாம் எழுதாதீங்க லா. சிறுநீர்னு போடுங்க, படிக்கிறவங்களுக்குக் கௌரவமா இருக்கும்" என்றாள். சரி, சிறுநீர். ஆனால் அது வராமல் நின்ற அன்று நான் போட்ட கூச்சலில் கௌரவம் ஒன்றும் இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நம் ஆண்கள் இருதய நோயைப் பற்றி கோப்பிக் கடையில் உட்கார்ந்து ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுவார்கள். இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி வந்தவர்கள் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்கள். இடுப்புக்குக் கீழே வந்த வியாதி என்றால் மட்டும் வாயே திறக்காது. நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது உடம்பு தேறி, மனதும் லேசாகிவிட்டதால் எழுதுகிறேன். என்னைப் போல் யாராவது பல்லைக் கடித்துக்கொண்டு குளியலறையில் நின்றுகொண்டிருந்தால் அவருக்கு இது உதவட்டும்.

நான் ஜாசினுக்கும் மலாக்காவுக்கும் நடுவே பஸ் ஓட்டுகிறவன். இளம் வயதில் ரப்பர் எஸ்டேட்டில் பால் மரம் சீவினேன், பிறகு லோரி, பிறகு பஸ். பஸ் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்க மாட்டோம். குடித்தால் இறங்க வேண்டும், இறங்கினால் பஸ் தாமதமாகும், பின்னால் இருக்கும் பள்ளிக்கூட டீச்சர்கள் முறைப்பார்கள். அதனால் காலையில் ஒரு கோப்பியோடு ஏறினால் மத்தியானம் வரை வாய் உலர்ந்தே கிடக்கும். அடக்குவது எங்கள் தொழிலில் ஒரு திறமை. அதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கே ஒரு நினைப்பு இருந்தது.

ஐம்பது தாண்டியதும் அந்தக் கெட்டிக்காரத்தனம் போய்விட்டது. புரோஸ்டேட் என்று ஒரு சுரப்பி, ஆண்களுக்கு மட்டும் உண்டு, சிறுநீர்ப்பைக்குக் கீழே வழியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வயதானால் அது வீங்கி வழியை நெருக்கும். எனக்கும் நெருக்கியது. மலாக்காவில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். வயிற்றைக் கிழிக்கவில்லை. சிறுநீர் வரும் வழியாகவே ஒரு குழல் கருவியை விட்டு, வீங்கிய சதையைச் சுரண்டி எடுத்தார்கள். வீடு திரும்பியதும் சிறுநீர் ஓட்டம் இளவட்டம் மாதிரி இருந்தது. என் மனைவி லெட்சுமியிடம்கூடப் பெருமை அடித்துக்கொண்டேன். அவள், "இதெல்லாம் ஒரு பெருமையா?" என்று கேட்டுவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள்.

அந்தப் பெருமை சில மாதங்கள்தான் நின்றது. பிறகு ஓட்டம் மெலிய ஆரம்பித்தது. முதலில் நூலாக வந்தது, பிறகு இரண்டாகப் பிரிந்து தெறித்தது, அப்புறம் சொட்டுச் சொட்டாக விழுந்தது. எரிச்சல் வேறு. முக்கி முக்கி நெற்றி நரம்பு புடைக்கும். எங்கள் குளியலறை வீட்டின் பின்பக்கம், கதவு தகரம். நான் உள்ளே நின்றுகொண்டிருப்பேன், லெட்சுமி வெளியே துணி துவைக்கிற சாக்கில் நின்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். சத்தம் வரவில்லை என்றால் அவள் முகம் வாடிவிடும்.

"டாக்டர்கிட்ட போலாங்க" என்றாள்.

"ஆப்ரேசன் பண்ணித்தான் எல்லாத்தையும் எடுத்துட்டாங்களே. மறுபடி எதுக்கு?" என்றேன் நான்.

இந்த இடத்தில்தான் மணியம் வருகிறான். லெட்சுமியின் தம்பி, என் மச்சான். பெம்பானில், என் பஸ் போகிற ரோட்டோரமாக இளநீர்க் கடை வைத்திருக்கிறான். வாய் பெரிசு, மனசும் பெரிசு. அவன் என் பஸ்ஸை நன்றாக அறிந்தவன். பழைய பஸ், இன்ஜின் உள்ளேயே, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மூடிக்கு அடியில் இருக்கும். அந்த மூடி மேல் வேட்டி உலர்த்தலாம், அவ்வளவு சூடு. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவன் டாக்டர் மாதிரி தலையை ஆட்டினான்.

"இது வேற ஒன்னும் இல்ல மச்சான். சூடு. காலம் பூரா இன்ஜின் பக்கத்துல குந்தியிருந்தா ஒடம்பு சூடு ஏறாம என்னா செய்யும்? மூத்திரம் சுண்டிப் போச்சு. ஒடம்பக் குளுர வைக்கணும்."

எங்களுக்கு அது நூற்றுக்கு நூறு சரியாகப் பட்டது. கண் எரிந்தால் சூடு, வாயில் புண் வந்தால் சூடு, நீர்க்கடுப்பு என்றால் கண்டிப்பாகச் சூடு. இதைக் கேள்வி கேட்க யாருக்குத் தோன்றும்? லெட்சுமி பார்லி காய்ச்சினாள். வெந்தயம் ஊற வைத்தாள். சனிக்கிழமை தலைக்கு நல்லெண்ணெய் வைத்துக் குளிப்பாட்டாத குறை. மணியம் தினமும் இளநீர் அனுப்பினான். நான் வேலை நேரத்தில் குடிப்பதில்லை அல்லவா, வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சேர்த்துக் குடித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மணியம் வேனில் ஒரு குலையையே கொண்டுவந்து வாசலில் இறக்கினான். "இன்னிக்கு லீவுதானே, ஒரே அடியா குளுர வச்சிடுவோம்" என்று பாராங் கத்தியை எடுத்துச் சீவ ஆரம்பித்தான். அவன் சீவச் சீவ நான் குடித்தேன். லெட்சுமி பக்கத்தில் நின்று, "இன்னும் ஒன்னு, இன்னும் ஒன்னே ஒன்னு" என்று ஊக்கப்படுத்தினாள். கலியாண வீட்டில் மாப்பிள்ளைக்குக்கூட இப்படி உபசாரம் நடந்திருக்காது.

சாயங்காலம் குளியலறைக்குப் போனேன். ஒரு சொட்டு விழுந்தது. அதோடு சரி. மறுபடி போனேன், அதுவும் இல்லை. அடிவயிறு கல்லு மாதிரி ஆகி மேலே ஏறி வந்தது. நிற்க முடியவில்லை, உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. தகரக் கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். உள்ளே போன தண்ணீர் எல்லாம் சேர்ந்து ஒரு வாசலைத் தேடுகிறது, வாசல் பூட்டிக் கிடக்கிறது. அந்த வலியை விளக்க எனக்குத் தெரியவில்லை. என் அம்மா செத்தபோதுகூட நான் அப்படி அழுததில்லை.

மணியம்தான் என்னை வேனில் தூக்கிப் போட்டு மலாக்காவுக்கு ஓட்டினான். அவன் ஓட்டுகிற லட்சணத்துக்கு ஒவ்வொரு பள்ளத்திலும் உயிர் போய் வந்தது. "பள்ளத்தப் பாத்து ஓட்டுடா பாவி!" என்று நான் கத்த, "சரி மச்சான், சரி மச்சான்" என்று அவன் அழுதுகொண்டே அடுத்த பள்ளத்தில் விட்டான்.

அவசரப் பிரிவில் முதலில் வழக்கம்போல் முன்வழியாகக் குழாய் விடப் பார்த்தார்கள். போகவில்லை. அதைவிடச் சின்னக் குழாயும் போகவில்லை. பிறகு தொப்புளுக்குக் கீழே மரத்துப் போக ஊசி போட்டு, சின்னதாக ஒரு துளை போட்டு, நேராகச் சிறுநீர்ப்பைக்குள் குழாயை இறக்கினார்கள். குழாயின் மறுமுனையில் ஒரு பை. அது நிரம்பிக்கொண்டே வந்தது. வயிறு இறங்கியது. அப்படி ஒரு சுகத்தை நான் வாழ்க்கையில் அனுபவித்ததில்லை. அங்கே உதவிக்கு நின்ற அட்டண்டன் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தேன் என்று லெட்சுமி சொல்கிறாள். எனக்கு ஞாபகம் இல்லை.

டாக்டர் மலாய்க்காரர், இளம் வயது, பொறுமையானவர். பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்றைக்கு என்ன குடித்தாய், பாச்சே?" என்று, அங்கிள் என்கிற மாதிரி, மலாயில் கேட்டார். நான் மணியத்தைப் பார்த்தேன். மணியம் தரையைப் பார்த்தான். லெட்சுமிதான் உள்ளதைச் சொன்னாள். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, இளநீர் நல்லதுதான், வழி திறந்திருக்கிறவர்களுக்கு என்றார்.

பிறகுதான் எனக்கு விளங்கும்படி சொன்னார். சுரண்டி எடுத்த சிகிச்சை சரியாகத்தான் நடந்திருக்கிறது. ஆனால் கருவி போய்வந்த வழியில் சிலருக்குப் புண் ஆறும்போது தழும்பு விழும். கையில் வெட்டுப்பட்ட இடத்தில் தோல் தடித்துச் சுருங்குகிறதே, அதே மாதிரி உள்ளே. கையில் என்றால் பார்த்துவிட்டு விட்டுவிடலாம். ஒரு குறுகலான குழாய்க்குள்ளே தோல் சுருங்கினால் வழி அடைத்துப்போகும். இது சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை, தழும்பு. ஓட்டம் மெலிந்த முதல் வாரமே வந்திருந்தால் இவ்வளவு கஷ்டம் இல்லை என்றார்.

லெட்சுமி அங்கேயே திரும்பி, "ஒன்ன யாருடா டாக்டர் வேல பாக்கச் சொன்னா?" என்று தம்பியை ஒரு பிடி பிடித்தாள். பாவம், இன்னும் ஒன்னே ஒன்னு என்று சொன்னவள் அவள்தான். மணியம் தலை குனிந்து வெளியே போனான். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. அப்புறம் எங்கள் வீட்டுப் பக்கமே அவன் தலை காட்டவில்லை.

தழும்பு எங்கே, எவ்வளவு நீளம் என்று பார்க்க எக்ஸ்ரே எடுத்தார்கள். முன்வழியாக மருந்து நீரை ஏற்றி, அது எங்கே நிற்கிறது என்று படம் பிடிப்பார்கள். கூச்சமான பரிசோதனைதான். நான் கண்ணை மூடிக்கொண்டு ஜாசினிலிருந்து மலாக்கா வரை ஒவ்வொரு ஸ்டாப்பாக மனதில் ஓட்டிக்கொண்டு போனேன். பாதி தூரம் போவதற்குள் முடிந்துவிட்டது. படத்தில் வெள்ளைக் கோடு ஒன்று நன்றாக வந்து, ஒரு இடத்தில் மயிரிழையாகி நின்றிருந்தது. டாக்டர் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். கொஞ்சம் நீளம்தான், உள்ளே கத்தி விட்டு அறுத்துத் திறக்கலாம், முறை வரும்வரை வீட்டில் இரு என்றார்.

அப்படித்தான் வயிற்றில் குழாயும் தொடையில் பையுமாக வீட்டுக்கு வந்தேன். கைலிக்குள்ளே பை ஆடும். நடந்தால் களக் களக் என்று ஒரு சத்தம். முதலில் வாசலுக்கே போகவில்லை. கலா ஃபேக்டரியிலிருந்து வந்து, தன் பழைய பாவாடையை வெட்டி, பொத்தான் வைத்து, அந்தப் பைக்கு ஓர் உறை தைத்தாள். பூப்போட்ட துணி. "ஆம்பளைக்குப் பூவா?" என்று கேட்டேன். "கைலிக்குள்ளதானே இருக்கப் போவுது, யாரு பாக்கப் போறா?" என்றாள். தன் அப்பாவின் மூத்திரப் பைக்குச் சட்டை தைக்கிற பிள்ளை எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அன்று நான் சாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

பஸ் முதலாளி, சீனர், என்னைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். நல்ல மனிதர். ஆனால் போகும்போது நின்று, "டிரைவர், பையோடு பஸ் ஓட்ட விட முடியாது. ஆபீசுக்கும் பிடிக்காது, பயணிகளும் பயப்படுவார்கள். சீனப் புத்தாண்டு வரை வேறு ஆளைப் போட்டிருக்கிறேன். அதற்குள் பை இல்லாமல் வந்தால் வண்டி உன்னுடையது. இல்லாவிட்டால் டிக்கெட் விற்கும் முகப்பில் உட்கார வைக்கிறேன்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தச் சீட்டில் நான் உட்கார்ந்த காலம் என் வாழ்க்கையில் பாதி. தினமும் காலையில் எங்கள் வீட்டுக்கு முன்னால் அந்த பஸ் போகும். புதிய டிரைவர் மூன்றாவது கியரைக் கடாமுடா என்று போடுவான். நான் உள்ளே படுத்துக்கொண்டு பல்லைக் கடிப்பேன். எனக்கு வேண்டியது அந்த ஒன்றுதான், பை போக வேண்டும், நான் அந்தச் சீட்டில் ஏற வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. முதுகெலும்பில் ஊசி போட்டார்கள், இடுப்புக்குக் கீழே கால் யாருடையதோ போல் ஆனது. விழித்துக்கொண்டேதான் இருந்தேன். சின்ன கேமரா பொருத்திய கருவியை உள்ளே விட்டு, அதன் நுனியில் இருந்த கத்தியால் தழும்பைக் கீறித் திறந்தார்கள். வலி தெரியவில்லை. டாக்டரும், மிஸிகள் என்று நாங்கள் சொல்லும் நர்சுகளும் மத்தியானம் என்ன சாப்பிடலாம் என்று பேசிக்கொண்டார்கள். பயத்தில் கிடந்த எனக்கு அது ஆறுதலாக இருந்தது. ஆபத்து என்றால் நாசி லெமாக் சோறு பற்றிப் பேச மாட்டார்கள் அல்லவா?

வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஒரு சீனப் பெரியவர். தெங்கேராவில் பழைய சாமான் கடை வைத்திருப்பவர், அவருக்கும் புரோஸ்டேட். இருவரும் பாசார் மலாயில், அதாவது கடைத்தெரு மலாயில், பேசிக்கொள்வோம். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் அவரவர் பையின் நிறத்தில் வந்து முடியும். அவருடைய மகள் கொண்டுவரும் கஞ்சியில் எனக்கும் ஒரு கிண்ணம் வரும். லெட்சுமி கொண்டுவரும் ரசத்தை அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்துவிட்டு, நல்ல மருந்து என்பார்.

கீறித் திறந்த இடம் மூடாமல் இருக்க முன்வழியில் வைத்திருந்த குழாயை எடுக்கும் நாள் வந்தது. ராஜேஸ்வரி மிஸி குழாயை எடுத்துவிட்டு, வயிற்றுக் குழாயைக் கிளிப் போட்டு மூடினார்.

"அங்கிள், நல்லா தண்ணி குடிங்க. முட்டிக்கிட்டு வந்ததும் இந்தச் சட்டில போங்க. நான் அளந்து பாக்கணும். ஒழுங்கா வந்துச்சுன்னா வயித்துக் குழாயையும் எடுத்துரலாம்."

குடிக்கவே பயமாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை கண்முன்னே வந்து நின்றது. லெட்சுமி கப்பை வாயில் வைத்தும் உதடு திறக்கவில்லை. "வரலன்னா?" என்றேன். "வயித்துல கதவு ஒன்னு இருக்குல்ல, மிஸி தொறந்து விடுவாங்க. பயப்படாம குடிங்க" என்றாள். குடித்தேன். முட்டிக்கொண்டும் வந்தது. திரையை இழுத்துவிட்டு நின்றால் ஒன்றும் நடக்கவில்லை. இத்தனை காலம் அடக்கிப் பழகிய உடம்பு, விடு என்றால் விட மாட்டேன் என்கிறது. தண்ணீர்ச் சத்தம் கேட்டால் வரும் என்று மிஸி கை கழுவும் பைப்பைத் திறந்துவிட்டுப் பார்த்தார். பெரியவர் கட்டிலிலிருந்து என்னை உற்சாகப்படுத்தினார். எதற்கும் மசியவில்லை.

அப்போது திரைக்கு வெளியே, "ஸ்ஸ்ஸ்… ஸ்ஸ்ஸ்…" என்று ஒரு சத்தம். லெட்சுமி. கலா கைப்பிள்ளையாக இருந்தபோது காலில் உட்கார வைத்து அவள் செய்வாளே, அதே சத்தம். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்ததும் உடம்பு தளர்ந்தது. வந்தது ஐயா! சட்டியில் சத்தத்தோடு விழுந்தது. பெரியவர் கை தட்டினார். திரைக்கு அந்தப் பக்கம் லெட்சுமி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

அந்தச் சந்தோஷத்தில் டாக்டர் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். தழும்பு மறுபடி சுருங்கப் பார்க்கும், அதைத் தடுக்க வாரத்துக்கு ஒரு முறை மெல்லிய குழாய் ஒன்றை நானே உள்ளே விட்டு எடுக்க வேண்டும் என்றார். நானே! என் கையால்! முடியவே முடியாது என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். "அப்ப மறுபடி பைதான் அங்கிள்" என்றார் ராஜேஸ்வரி மிஸி, கொஞ்சமும் இரக்கம் இல்லாமல். பையைச் சொன்னதும் அந்தக் கடாமுடா கியர் சத்தம் காதில் கேட்டது. எழுந்து உட்கார்ந்தேன்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குழாயில் வழவழப்பான மருந்து தடவ வேண்டும். மெதுவாக விட வேண்டும். "எங்கயாவது நின்னுச்சுன்னா தள்ளாதீங்க. நீங்களும் நின்னு, மூச்ச இழுத்து விடுங்க. அதுவா வழி விடும். அப்பவும் போகலன்னா விட்டுட்டு இங்க வாங்க" என்றார் மிஸி. இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். என் பஸ்ஸின் கியரும் அப்படித்தான், இடித்தால் கடிக்கும், கிளட்சை மிதித்து ஒரு நொடி பொறுத்தால் தானாக விழும். முதல் தடவை விட்டுப் பார்த்தேன். தழும்பிருந்த இடத்தில் குழாய் நின்றது. நானும் நின்றேன். மூச்சு விட்டேன். வழி விட்டது. கொஞ்சம் எரிச்சல், அவ்வளவுதான். நான் பயந்ததில் பத்தில் ஒரு பங்கு வலிகூட இல்லை.

வயிற்றுக் குழாயை எடுத்ததும் துளை தானாக மூடிக்கொண்டது. வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பதற்கு முன்பே குழாய் வேலையை முடித்துவிட வேண்டும் என்பது லெட்சுமியின் சட்டம். நான் குளியலறைக்குப் போனதும் அவள் ரேடியோவைச் சத்தமாக வைப்பாள், என் முனகல் கலாவுக்குக் கேட்கக் கூடாதாம். பிறகு முனகலே இல்லாமல் போனது. சீனப் புத்தாண்டுக்கு முன்பே டாக்டரின் சான்றோடு முதலாளி முன்னால் போய் நின்றேன். அவர் என் இடுப்பைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாவியைக் கையில் கொடுத்தார்.

முதல் நாள் விடியற்காலை குளியலறையில் நின்றேன். சமையலறையிலிருந்து லெட்சுமியின் குரல் வந்தது.

"கதவ நல்லாச் சாத்துங்க லா! பக்கத்து வீட்டுக்கே கேக்குது!"

அந்த ஏச்சு எவ்வளவு இனித்தது என்று யாருக்குச் சொல்வேன்? கிளம்பும்போது கையில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலைத் திணித்தாள். இனிமேல் அடக்கவும் கூடாது, உலரவும் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. தயங்கித் தயங்கி, "பெம்பான்ல அவன் நிப்பான். தெனமும் ஒங்க பஸ்ஸப் பாத்துட்டு உள்ள போயிடுறானாம். ஒரு ஹோர்னாவது அடிங்க" என்றாள்.

பெம்பானில் அவன் கடை இருப்பது ஸ்டாப் இல்லாத இடத்தில். ஆனாலும் இளநீர்க் கடைக்கு முன்னால் பஸ்ஸை ஓரம் கட்டினேன். மணியம் என்னைப் பார்த்ததும் கடைக்குள் ஒளியப் பார்த்தான். பிள்ளை இளைத்துப் போயிருந்தான்.

"டேய் மணியம்! ஒன்னு வெட்டு."

அவன் அசையவில்லை. "வேணாம் மச்சான். அக்கா கொன்னுடும்."

"பெருசாப் பாத்து வெட்டுடா. பஸ் நிக்குதுல்ல?"

பாராங்கை எடுத்தான். எத்தனை ஆயிரம் காய் சீவிய கை அது, அன்று மூன்று தடவை தவறியது. ஜன்னல் வழியாக இரண்டு கையாலும் நீட்டினான். பின்னால் டீச்சர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். பார்க்கட்டும். தலையைப் பின்னால் சாய்த்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன். அவன் என் தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டு நின்றான். கண் நிறைந்திருந்தது.

"மச்சான், ஒழுங்காப் போவுமா?" என்று மெல்லக் கேட்டான்.

"போவும்டா" என்று வெறும் காயை அவன் கையில் கொடுத்தேன். "நாளைக்கும் ஒன்னு எடுத்து வை."

கிளட்சை மிதித்து, ஒரு நொடி பொறுத்து, கியரைப் போட்டேன். சத்தமே இல்லாமல் விழுந்தது.